நூற்றிருபத்தைந்து ரூபா லாபம், ஒரு லட்சம் ரூபா தண்டம்

25 கிலோ நாட்டரிசி மூட்டை ஒன்றைச் சட்டப்படி வாங்கி, சட்டப்படி சில்லறையாக விற்றால் கடைக்காரர் கையில் என்ன மிஞ்சும்? கண்டியில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஐந்நூறு இருக்கும் என்றார் ஒருவர். ஆயிரத்துக்குக் குறையாது என்றார் இன்னொருவர். விடை 125 ரூபா. 2024 டிசம்பரில் வந்த வர்த்தமானி அறிவித்தல்படி உள்ளூர் நாட்டரிசியின் மொத்த விலை கிலோ 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. நடுவில் நிற்பது ஐந்தே ரூபா. லொறிக் கூலி, இறக்கு கூலி, எலி கடித்தது, சிந்தியது, தராசில் நாலு மணி கூடப் போனது, கடையின் கரன்ட் பில் எல்லாம் இந்த ஐந்து ரூபாவுக்குள்தான் அடங்க வேண்டும்.

அடுத்த கணக்கைப் பாருங்கள். அதே அரிசியை 235க்கு விற்றுப் பிடிபட்டால், தனி ஆள் நடத்துகிற கடைக்குத் தண்டம் குறைந்தது ஒரு லட்சம் ரூபா. கூடினால் ஐந்து லட்சம். ஒரு லட்சத்தை ஐந்தால் வகுத்தால் 20,000 கிலோ வருகிறது, அதாவது 800 மூட்டை. ஹேவாஹெட்ட பஸாரில் ஒரு சின்னக் கடை 800 மூட்டை நாட்டரிசி விற்று முடிக்க எத்தனை பொங்கல் கழியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதுவும் அத்தனை மூட்டைக்கும் லொறிக் கூலி கொடுக்காமல், ஒரு மணி அரிசி சிந்தாமல் விற்றால்தான் அந்தக் கணக்கு.

எங்கள் அத்தான் அந்தப் பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் கடைதான் உலகம். நான் லீவுக்குப் போனால் கல்லாவில் உட்காருவேன். போன ஒரு வருசத்தில் அந்தக் கல்லாவுக்கு வந்து சேர்ந்த சட்டங்களை எண்ணினாலே தலை சுற்றும். அரிசிக்கு விலை, தண்ணிப் போத்தலுக்கு விலை, ஷொப்பிங் பேக்குக்குக் காசு, வேலைக்கு நிற்கிற பையனுக்குப் புதுச் சம்பளம். அடுத்து வற் வரி வேறு வரப்போகிறது என்கிறார்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கடையின் மேல் எப்படி இறங்குகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி

ஹேவாஹெட்ட தெரியாதவர்களுக்கு: கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன என்று ஏறி ஏறிப் போகிற பாதை அது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டமும் இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. சுற்றிலும் ஹோப், ரூக்வுட், முல்லோயா என்று தோட்டங்கள். பஸாரில் சிங்களக் கடை, முஸ்லிம் கடை, தமிழ்க் கடை மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். ஹேவாஹெட்ட என்ற பெயர் இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. பாதஹேவாஹெட்ட பிரதேச செயலகம் தலாத்துஓயாவில், கண்டி மாவட்டத்தில். மேலே ஏறினால் ஹங்குராங்கெத்த, அது நுவரெலியா மாவட்டம். சாமான் வாங்கப் போவது கண்டிக்கு, கடதாசி வேலைக்குப் போவது வேறு பக்கம் என்று அலைகிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

வியாபாரம் தோட்டத்துச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. சம்பளம் பத்தாந் தேதிவாக்கில். அதுவரைக்கும் கொப்பி. ஆளுக்கொரு கொப்பி கடையில் இருக்கும். அரிசி, மாவு, பருப்பு, சீனி, நெத்தலி என்று எழுதிக்கொண்டே வருவார் அத்தான். பத்தாந் தேதி பின்னேரம் கடையில் நிற்க இடமிருக்காது. பாதிப் பேர் முழுக் கணக்கையும் தீர்ப்பார்கள், மீதிப் பேர் பாதிக் கணக்கைத் தீர்ப்பார்கள்.

வர்த்தமானிக்கு இந்தக் கொப்பி தெரியாது. 230 ரூபா என்றால் கைக்காசுக்கும் 230, ஒரு மாசம் கழித்து வருகிற காசுக்கும் 230. மலைநாட்டுக் கடைகளில் கடனுக்கு வாங்கினால் இரண்டு மூன்று ரூபா கூட எழுதுவது பழைய வழக்கம். அது நல்ல வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. லயத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு மாசம் முப்பது நாற்பது கிலோ அரிசி போகும். கிலோவுக்கு ஐந்து ரூபா கூட என்றால் அது அந்தப் பிள்ளைகளின் முட்டைக் காசு. ஆகவே விலைக் கட்டுப்பாடு வேண்டாம் என்பது என் பேச்சே இல்லை. அது யாரைப் பிடிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நாலு வாசலும் அடைத்தால்

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பழைய விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம், நியாய வர்த்தக ஆணைக்குழு எல்லாவற்றுக்கும் பதிலாக இதை வைத்தார்கள். உச்ச விலை குறிப்பது, விலைப் பட்டியல் தொங்கவிடச் சொல்வது, கேட்டவர்களுக்குப் பற்றுச்சீட்டு கொடுக்கச் சொல்வது, பதுக்கலைப் பிடிப்பது எல்லாம் இவர்கள் வேலை. ரெய்டு என்று ஊரில் சொல்வது இவர்கள் வருவதைத்தான்.

தண்டப்பணம் முன்பு ஆயிரக் கணக்கில்தான் இருந்தது. 2021இல் சீனிக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்து, அவசரகால விதியெல்லாம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த செப்டெம்பரில்தான் சட்டத்தைத் திருத்தித் தண்டத்தை ஏற்றினார்கள். தனி ஆளுக்கு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம். கம்பனிக்கு ஐந்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம். இரண்டாந் தரம் பிடிபட்டால் இரட்டிப்பு. வேடிக்கை என்னவென்றால், தண்டத்தை ஏற்றிய அதே மாசக் கடைசியில் அரிசிக்கான உச்ச விலையைத் தூக்கிவிட்டார்கள். பெரிய மில்காரர்கள் தாங்களே விலையை அறிவித்தார்கள். ஏற்றிய தண்டம் மட்டும் சட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது. பிறகு உச்ச விலை திரும்பி வந்தபோது அது சின்னக் கடைக்காரருக்காகக் காத்திருந்தது.

2024 டிசம்பர் விலைகள் இவை: பச்சையரிசி 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரி சம்பா 260. மொத்த விலை ஒவ்வொன்றிலும் ஐந்து ரூபா குறைவு. கீரி சம்பாவில்தான் வம்பு. 2025 கடைசியில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது மொத்தக் கடையிலேயே 260க்குக் கிடைக்கவில்லை. அப்போது சில்லறைக் கடைக்காரர் என்ன செய்யலாம்?

கூட விலைக்கு வாங்கிக் கூட விலைக்கு விற்றால் ஒரு லட்சம் தண்டம். கூட விலைக்கு வாங்கி 260க்கே விற்றால் மூட்டைக்கு மூட்டை கைநட்டம். வாங்கியதை உள்ளே வைத்துக்கொண்டு, தெரிந்த முகத்துக்கு மட்டும் கொடுத்தால் அதுவும் குற்றம். கடையில் இருக்கிற சாமானை விற்க மறுப்பதும், இல்லை என்று சொல்வதும், பதுக்குவதும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனித்தனிக் குற்றங்கள். மிச்சம் ஒரே வழி, வாங்காமலே இருப்பது. அத்தான் அதைத்தான் செய்தார். வீட்டில் சடங்கு வைத்திருந்த ஓர் அக்கா வந்து கேட்டார்.

"கீரி சம்பா பத்துக் கிலோ வேணும் மொதலாளி."

"இல்லீங்க அக்கா. சம்பா இருக்கு, நாடு இருக்கு."

"விருந்துக்குங்க. கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்ல."

"கூடக் குறைய விக்கக்கூடாதுன்னுதாங்க சட்டம். நான் எடுக்கிறதயே விட்டுட்டேன்."

அந்த அக்கா கண்டிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்திருப்பார். பஸ் காசையும் சேர்த்தால் கிலோ எவ்வளவுக்கு விழுந்திருக்கும்! அவரைக் காப்பாற்றத்தான் அந்த விலை வந்தது.

தண்ணிப் போத்தல் இன்னொரு கதை. 2025 ஏப்ரல் 1 முதல் அரை லீற்றர் 70, ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130, ஐந்து லீற்றர் 350 ரூபா. ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து ரூபா கூட என்பது பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பத்து ரூபாவுக்கும் தண்டம் அதே ஒரு லட்சத்தில்தான் ஆரம்பிக்கிறது. 'குறைந்தது' என்று சட்டமே எழுதிவிட்டதால், முதல் தரம், சின்னக் கடை, தெரியாமல் நடந்தது என்று எதைச் சொன்னாலும் நீதவான் அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

மொத்தக் கடையின் பில்

கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் மேடை போட்டுச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. மொத்த விலைக்கும் வர்த்தமானி உண்டு. மொத்தக் கடை 225க்கு மேல் நாட்டரிசி கொடுத்தால் அதுவும் குற்றம்தான். ஆனால் அதைக் காட்ட ஒரு பில் வேண்டுமே! தட்டுப்பாட்டு நாட்களில் நடப்பது இதுதான். ஒன்று, பில்லே கிடையாது. அல்லது பில்லில் கட்டுப்பாட்டு விலை இருக்கும், மிச்சம் கையில் போகும். "பில் வேணும்னா சாமான் இல்லங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். கேள்வி கேட்டால் அடுத்த லொறி நம் கடை வாசலில் நிற்காது.

மில்லிலிருந்து மொத்தக் கடை, அங்கிருந்து லொறி, லொறியிலிருந்து சில்லறைக் கடை என்று அரிசி கைமாறி வருகிறது. விலை ஏறுவது மேலே. ரெய்டு நடப்பது கீழே. ஏனென்றால் கீழேதான் கதவு திறந்திருக்கிறது, விலைப் பலகை தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஒரு கிலோ வாங்கிப் பார்க்கலாம். மேலே போவதற்கு ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்தை அத்தானுக்குக் கொடுக்க யாரும் தயாரில்லை. ஆக, எல்லாருடைய குற்றத்துக்கும் சாட்சி இல்லாமல் போய், கடைசி ஆளின் குற்றத்துக்கு மட்டும் சாட்சி இருக்கிறது.

பாதைச் செலவையும் சொல்ல வேண்டும். உச்ச விலை தீவு முழுதுக்கும் ஒன்றுதான். புறக்கோட்டையிலும் 230, பொலன்னறுவை மில்லுக்குப் பக்கத்திலும் 230, மாரஸ்ஸன வளைவெல்லாம் ஏறி வந்த பிறகு ஹேவாஹெட்டவிலும் 230. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிவு வந்து கண்டி, நுவரெலியா மலைப் பாதைகள் அடைபட்டுக் கிடந்தன. சாமான் சுற்றுப்பாதையில் வந்தது, கூலி ஏறியது. அந்த நாட்களில் அநியாய விலைக்கு விற்றவர்களைப் பிடித்தே ஆக வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் நியாயமாக ஏறிய லொறிக் கூலியை எங்கே எழுதுவது என்பதற்கு வர்த்தமானியில் ஒரு வரி இல்லை.

முடியாத காரியமும் இல்லை. சமையல் காஸ் சிலிண்டரைப் பாருங்கள். கொழும்பில் ஒரு விலை, கண்டியில் ஒரு விலை, நுவரெலியாவில் ஒரு விலை என்று மாவட்ட வாரியாகப் பட்டியல் போடுகிறார்கள். சிலிண்டரைச் சுமந்துகொண்டு மலை ஏறக் காசு செலவாகும் என்று ஒத்துக்கொள்கிற அரசாங்கம், அரிசி மூட்டை மட்டும் தானாக ஏறிவரும் என்று நினைக்கிறதா?

ஷொப்பிங் பேக் அஞ்சு ரூவா

2025 நவம்பர் 1 முதல் கைப்பிடி வைத்த பொலித்தீன் பேக்கைச் சும்மா கொடுக்கக் கூடாது. காசு வாங்க வேண்டும், விலையைக் கடையில் தெரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும், பில்லிலும் காட்ட வேண்டும். இதுவும் அதிகாரசபையின் வர்த்தமானிதான்.

"மொதலாளி, பேக் ஒன்னு தாங்க."

"அஞ்சு ரூவாங்க அக்கா. இப்ப சும்மா குடுக்க ஏலாது."

"போன மாசம் வரைக்கும் சும்மாதானே குடுத்தீங்க?"

"கவர்மென்ட் சட்டம்ங்க."

"கவர்மென்ட்டா வந்து ஒங்க கடையில சாமான் வாங்குது? நாந்தானே வாங்குறேன்!"

சிரிப்பு வந்தாலும் அத்தானால் சிரிக்க முடியவில்லை. அந்த அக்கா சொன்னது வியாபாரக் கணக்கில் சரி. பக்கத்துக் கடையில் சும்மா கொடுத்தால் அடுத்த மாசம் அவருடைய கொப்பி அங்கே போய்விடும். அப்படிக் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. அத்தான் முதல் வாரம் காசு கேட்டார். பிறகு தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டார். பஸாரில் தெரியாதவர் யார்?

கண்டியில் சூப்பர் மார்க்கெட்டில் இந்தச் சட்டம் ஒரே ராத்திரியில் அமுலுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் 'பேக்' என்று ஒரு வரி சேர்த்தார்கள், முடிந்தது. பேக்கில் கடையின் பெயர் அச்சடித்திருக்கும். விளம்பரத்துக்கும் வாங்குகிறவரே காசு கட்டுகிறார் என்று முணுமுணுப்பும் எழுந்தது. அந்தக் காசு சுற்றாடலுக்கென்று தனி நிதி எதற்கும் போவதில்லை, கடைக்குத்தான். அத்தானிடம் கம்ப்யூட்டரும் இல்லை, பில்லும் இல்லை. 'பில்லில் காட்டு' என்ற ஒரு வரி, பில்லே போடாத கடைக்கு எழுதப்பட்டதில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

பொலித்தீனைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர் போனது. அந்த வருசம் செப்டெம்பரில் லஞ்ச் சீட்டுக்கும் றெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. 2021இல் சின்ன சாஷே, 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு. சட்டம் வந்தபோதெல்லாம் மாற்றுச் சாமானைத் தேடி அலைந்தவர் கடைக்காரர்தான். தடை செய்த சாமானைச் செய்கிற இடம் எங்கே என்று தேடிப் போனவர்கள் குறைவு. தேயிலை மலையின் ஓடைகளில் இறங்கிப் பாருங்கள், எட்டு வருசத் தடையின் பலன் எவ்வளவு என்று தெரியும்.

மற்ற இடங்களில் எப்படிச் செய்தார்கள்? இங்கிலாந்தில் 2015 ஒக்டோபரில் பேக்குக்கு ஐந்து பென்ஸ் என்று கொண்டுவந்தபோது, 250 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கிற நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். முதலில் பெரிய கடைகள் பழகட்டும், சனம் பழகட்டும் என்று விட்டு, 2021 மே மாதத்தில்தான் பத்து பென்ஸ் ஆக்கி எல்லாக் கடைக்கும் விரித்தார்கள். அதற்குள் கையில் பையோடு கடைக்குப் போவது ஊர் வழக்கமாகிவிட்டது. மூலைக் கடைக்காரர் யாரோடும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் தடை போட்டுப் பார்த்துவிட்டு, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று துணிப்பையையும் கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். இங்கே சூப்பர் மார்க்கெட்டுக்கும் அத்தானுக்கும் ஒரே நாள், ஒரே வரி.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பை புதிதில்லை. உரப் பேக்கை வெட்டித் தைத்து, ஓரம் மடித்து, பட்டி வைத்து எடுத்து வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. பத்துக் கிலோ அரிசிக்கும் அது கிழியாது. அஞ்சு ரூவா சண்டை போட்ட அந்த அக்காவும் அடுத்த தரம் அதோடுதான் வந்தார். சட்டம் வேலை செய்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். விலையாக அத்தானுக்குக் கொஞ்சம் கெட்ட பேர்.

கடைக்காரர் ஏன் பில்லுக்குப் பயப்படுகிறார்

இதுவரைக்கும் அத்தான் பக்கம் பேசினேன். அவரும் ஒன்றும் பில் புத்தகத்தோடு காத்திருக்கவில்லை. பில் போட்டால் விற்பனை தெரியும், விற்பனை தெரிந்தால் வரிக்காரர் வருவார் என்ற பயம் கடைத்தெருவில் ஆழமாக இருக்கிறது. காரணமில்லாத பயமும் இல்லை. 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். சின்னக் கடைக்காரர்களுக்கு ஃபோனில் வந்த காசுக் கணக்கை வைத்து வரித் திணைக்களம் நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரிக்காரர், காய்கறிக்காரர் எல்லாம் கியூ ஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, 'கைக்காசு மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். கணக்குத் தெரியவந்ததும் வந்தது உதவி இல்லை, நோட்டீஸ். அப்படியானால் யார்தான் கணக்குக் காட்டுவார்கள்?

நம்முடைய பக்கமும் அது வருகிறது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானபோது, வருசத்துக்கு எட்டுக் கோடி விற்பனை என்றிருந்த எல்லையை ஆறு கோடியாக இறக்கினார்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை மூன்று கோடி அறுபது லட்சமாக இறக்கும் யோசனையை முன்வைத்தார்கள். மூன்று கோடி என்றால் ஹேவாஹெட்டவில் யாருக்கும் தன்னைச் சொல்வதாகவே தோன்றாது. நாளால் வகுங்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. பத்தாந் தேதி வியாபாரம் இருக்கிற, நாலு தோட்டத்துக்குச் சாமான் போடுகிற ஒரு மொத்தச் சில்லறைக் கடைக்கு அது எட்டாத தொகை இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. அரிசி வற் விலக்குள்ள சாமான். பிஸ்கட்டும் சவர்க்காரமும் அப்படி இல்லை. அந்த எல்லையைப் பார்ப்பது வரி வருகிற சாமான்களின் விற்பனையை வைத்துத்தான். ஆகவே ஒரு கடைக்காரர், "என் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அரிசி, நான் எல்லைக்குள் வரமாட்டேன்" என்று நியாயமாகச் சொல்லலாம். எதைக் காட்டிச் சொல்வார்? கொப்பியில் 'சாமான் 4,350' என்றுதான் இருக்கிறது. பில் இல்லாதது பாதுகாப்பு என்று நாம் இத்தனை நாள் நினைத்தோம். வருகிற காலத்தில் பில் இல்லாதவர்தான் மாட்டிக்கொள்வார்.

சம்பள விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அதற்கு மேல் முதலாளி பங்காக ஈ.பி.எஃப். 12 வீதம், ஈ.டி.எஃப். 3 வீதம், சேர்த்து 4,500. மொத்தம் 34,500 ரூபா. அரிசி லாபத்தில் மட்டும் கணக்குப் பார்த்தால் 276 மூட்டை விற்க வேண்டும். அத்தான் கடையில் நிற்கிற பையன் தோட்டத்துப் பிள்ளை. அவனுக்கு அந்தச் சம்பளமும் சேமலாப நிதியும் கிடைக்க வேண்டும், அதில் பேரம் கிடையாது. ஆனால் அவனுக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டுமானால், மூட்டைக்கு 125 என்று எழுதியவர்கள் தங்கள் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு கந்தோர் எழுதுவதை இன்னொரு கந்தோர் வாசிப்பதாகத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்கிற ஒரே ஆள் கல்லாவில் இருக்கிறார்.

என்ன செய்யலாம்

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சில்லறைக் கடையில் கூட விலை பிடிபட்டால், "எங்கே வாங்கினாய், என்ன விலைக்கு வாங்கினாய்" என்று கேட்டு, அங்கேயும் போக வேண்டும். மொத்தக் கடை பில் கொடுக்காமல் சாமான் இறக்குவதை, சில்லறைக் கடை கூட விலைக்கு விற்பதை விடப் பெரிய குற்றமாகப் பிடிக்க வேண்டும். முதல் தரம் பிடிபடுகிற சின்னக் கடைக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கச் சட்டத்தில் இடம் வைக்க வேண்டும். காஸுக்கு இருக்கிற மாதிரி அரிசிக்கும் பாதைச் செலவு பார்த்து மாவட்ட விலை போட வேண்டும். வர்த்தமானி மூன்று மொழியிலும் அச்சாகிறது, சரி. ஆனால் தோட்டப் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரருக்குச் சட்டம் வந்து சேர்வது வாட்ஸ்அப்பில், யாரோ அனுப்பிய சிங்களப் படமாக. ஒரு தமிழ்த் துண்டுப் பிரசுரத்தைப் பிரதேச சபை மூலம் கடைக்குக் கடை கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

அது நடக்கும்வரைக்கும் கடைக்காரர்கள் சும்மா இருக்க முடியாது. அத்தானோடு உட்கார்ந்து பேசி நாங்கள் செய்துகொண்டது இவ்வளவுதான். விலைப் பலகை சிங்களத்திலும் தமிழிலும், அரிசி, தண்ணி, பேக் விலை எல்லாம் ஒரே இடத்தில், வாசலில் நின்றே தெரிகிற மாதிரி. தராசுக்கு வருச முத்திரை காலாவதியாகாமல். மொத்தக் கடையில் பில் கிடைக்கிற சாமானை முதலில் எடுப்பது, பில்லைக் கம்பியில் குத்தாமல் மாச வாரியாகக் கவரில் போடுவது. பில் கொடுக்க மாட்டேன் என்கிறவரிடம் உச்ச விலை போட்ட சாமானை எடுக்காமல் விடுவது. மற்றச் சாமானுக்குப் போய்க்கொள்ளலாம். கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் ஒன்று கல்லாவில். கேட்டவர்களுக்கு உடனே ஒரு சீட்டு. கொப்பியில் எழுதும்போது அரிசியைத் தனி வரியில் எழுதுவது.

பாவனையாளர் முறைப்பாட்டுக்கான 1977 என்ற நம்பர் வாங்குகிறவருக்கு மட்டுமானதில்லை என்பதையும் அத்தானுக்குச் சொன்னேன். மொத்தக் கடைக்கு முன்னால் அவரும் ஒரு வாங்குகிறவர்தானே. அவர் சிரித்தார். "ஃபோன் பண்ணலாம் தம்பி, அடுத்த கெழம சாமான் யாரு குடுப்பா?" அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு கடை தனியாகச் செய்கிற காரியம் இல்லை அது. பஸாரில் இருக்கிற பத்துக் கடையும் சேர்ந்து, "பில் இல்லாமல் மூட்டை இறக்க மாட்டோம்" என்று ஒரு வாரம் நின்றால் லொறிக்காரர் பில்லோடு வருவார். ஹேவாஹெட்ட பஸாரில் சிங்களக் கடை, முஸ்லிம் கடை, தமிழ்க் கடை மூன்றுக்கும் வருகிறது ஒரே லொறிதான். சேர்ந்து நிற்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது மலைப் பக்கம் கடை வைத்திருப்பார்கள். அடுத்த தரம் ஊருக்குப் போகும்போது கேக் பெட்டியோடு ஒரு பில் புத்தகமும் நாலு கார்பன் தாளும் வாங்கிப் போங்கள். ஒரு பின்னேரம் கல்லாவில் உட்கார்ந்து எழுதிக் காட்டுங்கள். வற் எல்லை இறங்கினால் அதற்குப் பிறகு பழக நேரமிருக்காது.